ஜீப்புக்கு ரேஸ் சீட்டு... தேவையா இது?

போன தடவை ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றி எழுதினேன். படித்தது மொத்தம் ஏழு பேர். அதில் நாலு பேர் ஒரே ஹாஸ்டல் ரூம். அதனால் இந்த முறை கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வண்டி பற்றி ஒரு பதிவு.

எங்க ஊர் காஞ்சிபுரத்துக்கு இப்போ தார் ஜுரம் அடிக்குது. பட்டுக்கடைப் பசங்க, ரியல் எஸ்டேட் பசங்க, அப்பா பாடுபட்டு வாங்கின பழைய மகிந்திரா ஜீப்பைத் தூசி தட்டி எடுத்த பசங்க... எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை ஆனா பாலாத்து மணல்ல டயரைப் புதைச்சு, நாலு பேர் தள்ளி, அதை வீடியோ எடுக்கணும். அது அவங்க சந்தோஷம், நான் ஒண்ணும் சொல்லல. ஆத்துல தண்ணி இருக்கிறதைவிட வண்டி இருக்கிற நாள்தான் ஜாஸ்தி.

ஆனா இதோட சேர்ந்து ஒரு புது வியாதி வந்திருக்கு. கம்பெனி சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு, சிவப்பு கறுப்பில் பக்கெட் சீட்டு. அதுக்கு மேல நாலு வார் வச்ச ஹார்னஸ் பெல்ட். பின்னாடி இருக்கிற ஏதாவது ஒரு போல்ட்டில் அதைக் கட்டிவிடுவது. கேட்டா "சேஃப்டி மச்சி" என்று பதில் வருது. இந்த "சேஃப்டி" என்ற வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அழகுக்கு மாட்டினேன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிருப்பேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரோட்டில் ஓடுற ஜீப்பில், வேற எதையும் மாத்தாம ஹார்னஸ் மட்டும் மாட்டினா பாதுகாப்பு கூடாது, குறையும். செய்யறதா இருந்தா கடைசி வரைக்கும் செய்யணும். இல்லையா, கம்பெனி கொடுத்த பெல்ட்டில் கை வைக்கக் கூடாது. நடுவில் நிற்கிற இடம்தான் ஆபத்தான இடம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஜனவரி 7 அன்று துபாய் ஆட்டோட்ரோமில் பயிற்சியின்போது அஜித் குமாரின் (தல என்று கூப்பிட வேண்டாம் என்று அவரே 2021 டிசம்பரில் சொல்லிவிட்டார், அதனால் முழுப் பெயர்) போர்ஷே கார் தடுப்பில் மோதி, பம்பரம் மாதிரி சுத்தி நின்றது. மனுஷன் இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோவைப் பார்க்காத தமிழன் கிடையாது. அதே வாரம் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடமும் வாங்கியது. நம்ம பசங்களுக்கு அந்த வீடியோவில் கண்ணில் பட்டது என்ன? சீட்டு, பெல்ட்டு. அவ்வளவுதான்.

அந்த மாதிரி ரேஸ் காரில் சீட்டும் பெல்ட்டும் தவிர என்னவெல்லாம் இருக்கு? உடம்போடு சேர்த்து வெல்ட் பண்ணின இரும்புக் குழாய்க் கூண்டு, அதாவது ரோல் கேஜ். தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டைத் தோளோடு கட்டிப்போடும் 'ஹேன்ஸ்' என்ற கழுத்துப் பட்டை. தீப்பிடிக்காத உடை. பக்கத்திலேயே தீயணைப்பு ஆள், டாக்டர், ஆம்புலன்ஸ். இதில் ஒன்றை உருவினாலும் மீதி இருப்பது ஒழுங்காக வேலை செய்யாது. இதெல்லாம் பார்க்க துபாய் வரை போக வேண்டாம். நம்ம மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கு. போட்டி நடக்கும்போது ஒரு தடவை போய், காரோட உள்பக்கத்தை எட்டிப் பாருங்க. சீட்டைவிடக் கம்பிதான் அதிகமாகத் தெரியும். இவ்வளவு இருந்தும் 2023 ஜனவரி 8 அன்று அதே டிராக்கில், தேசிய அளவிலான பந்தயத்தில், கே.இ. குமார் என்ற அனுபவசாலி ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். எல்லாம் இருக்கிற இடத்திலேயே அப்படி.

சரி, மேட்டருக்கு வருவோம். ஹார்னஸ் மட்டும் மாட்டினா என்ன ஆகும்?

ஜீப் வகை வண்டிகள் உயரமானவை. குண்டு குழியிலும் சரிவிலும் போகிறவை. அவற்றுக்கு நேருக்கு நேர் மோதுவது மட்டும் பயமல்ல, கவிழ்வதும் பயம். விடாமுயற்சி படப்பிடிப்பில் 2023 நவம்பரில் அஜர்பைஜானில் ஹம்மர் கவிழ்ந்ததே, 2024 ஏப்ரலில் வீடியோ வெளியிட்டார்கள். அவ்வளவு கனமான வண்டியே ரோட்டை விட்டு இறங்கின உடனே எவ்வளவு சுலபமாகப் புரளுது என்று பாருங்க.

கம்பெனி பெல்ட் மூன்று முனைகளில் பிடிக்கிறது. ஒரு தோள், இரண்டு இடுப்பு. 1959-இல் வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற இன்ஜினியர் செய்த அமைப்பு, இன்னைக்கு வரைக்கும் உலகத்தில் எல்லாக் காரிலும் அதுதான். அதில் ஒரு தோள் மட்டும் கட்டப்பட்டிருப்பதால், கூரை அமுங்கினால் மேல் உடம்பு கொஞ்சம் பக்கவாட்டில் சாயும். ஹார்னஸ் அப்படி இல்லை. இரண்டு தோளையும் சீட்டோடு சேர்த்து நட்டுவைத்த மாதிரி நிமிர்த்திப் பிடிக்கும். ரேஸ் காரில் அது நல்லது, ஏன்னா கூண்டு இருப்பதால் கூரை கீழே வராது. கூண்டு இல்லாத வண்டியில் கூரை கீழே வரும், நீங்க நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பீங்க. நடுவில் இருப்பது உங்க கழுத்து.

பழைய கேன்வாஸ் கூரை ஜீப் என்றால் இன்னும் மோசம். கூரையே துணிதான். கவிழ்ந்தால் வண்டியிலேயே உயரமான பொருள் உங்க தலை. அதை ஹார்னஸ் போட்டு அசையாமல் பிடித்துக்கொடுக்கிறோம்.

"புதுத் தார்ல கம்பெனியே ரோல் கேஜ் வச்சுத் தர்றானே?" என்று கேட்பீங்க. தர்றான். அது கம்பெனி சீட்டு, கம்பெனி பெல்ட், ஏர்பேக் எல்லாத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் அந்த வண்டி நாலு ஸ்டார் வாங்கியது கம்பெனியில் இருந்து வந்தபடியே மோதித்தான். நீங்க சீட்டை மாத்தின அன்னைக்கு அந்த நாலு ஸ்டார் உங்க வண்டிக்குச் சொந்தமில்லை. வெளியில் வெல்ட் பண்ணி வைக்கிற கூண்டுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. ரேஸ்காரன் ஹெல்மெட் போட்டிருக்கான். நீங்க ரோட்டில் வெறும் தலையோடு போறீங்க. காதுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். சின்ன மோதலிலேயே அந்தக் குழாய்தான் மண்டையைப் பதம் பார்க்கும்.

அடுத்து, நாலு வார் ஹார்னஸ். இதுதான் விலை குறைவு, இதைத்தான் எல்லாரும் வாங்கறாங்க. தோள் வார் இரண்டும் நடுவில் பக்கிளில் வந்து சேருது. மோதும்போது உடம்பு முன்னாடி போகும், தோள் வார் இறுகும், பக்கிளை மேல்நோக்கி இழுக்கும். அப்போ இடுப்பு எலும்பு மேல் இருக்க வேண்டிய வார் வயித்துக்கு ஏறிடும். உடம்பு அதுக்கு அடியில் வழுக்கிப் போகும். இடுப்பு எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைக் கல்லீரலும் குடலும் தாங்கணும். இதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவில் வரும் ஐந்தாவது, ஆறாவது வார். பக்கிளைக் கீழேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அது கூச்சமாக இருக்கு, வேட்டி கட்டினால் உட்கார முடியலை என்று கழட்டி வைக்கிறவர்களை எனக்கே தெரியும். ரோட்டுக்கென்றே தனியாக வடிவமைத்த நாலு வார் பெல்ட்டுகளும் உலகத்தில் உண்டு, ஆனால் நம்ம பசங்க ஆன்லைனில் வாங்குவது அது இல்லை.

இப்போ போல்ட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பக் கவலை தருவது இந்த இடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. எழுபது கிலோ ஆள். மோதலில் உடம்பின் எடையைப் போல் முப்பது மடங்கு விசை வருது என்று வைத்துக்கொள்ளுங்க. 70 x 30 = 2,100 கிலோ. ரெண்டு டன்னுக்கு மேல. அதைத் தாங்குவது எது? தகரம் மாதிரி இருக்கிற தரையில் டிரில் போட்டு, ஹார்டுவேர் கடையில் வாங்கின வாஷர் வச்சு முடுக்கின போல்ட்டா? போல்ட் உடையாது. தகரம் கிழிந்து, வாஷரோடு போல்ட் உருவிக்கொண்டு வரும்.

சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு எஃப்.ஐ.ஏ. இதுக்கு எழுதி வைத்திருக்கிற விதி ரொம்ப எளிமை. ஒரு சீட்டுக்கு குறைந்தது நாலு இடத்தில் பிடிப்பு, போல்ட் குறைந்தது 8 மி.மீ., தகட்டுக்கு அடியில் இன்னொரு தாங்கு தகடு. அது இரும்பாக இருந்தால் 3 மி.மீ. கனம், ஒவ்வொரு பிடிப்பிலும் ஒட்டும் பரப்பு குறைந்தது 40 சதுர செ.மீ. பெல்ட்டைப் பிடிக்கிற இடத்திலும் தகரம் மட்டும் இருந்தால் அதே மாதிரி வலுத்தகடு. பெல்ட்டைச் சீட்டிலோ, சீட்டைத் தாங்கும் ஸ்டாண்டிலோ கட்டவே கூடாது. தோள் வார் பின்னாடி போகும்போது கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம்.

ஏன் இந்த டிகிரிக் கணக்கு? தோள் வாரைப் பின் தரையில் கட்டினால், அது தோளுக்கு மேல் ஏறி செங்குத்தாகக் கீழே இறங்கும். மோதும்போது உங்களைப் பின்னாடி பிடிப்பதற்குப் பதில் கீழே அழுத்தும். மூட்டை தூக்குகிறவர் தலையில் திடீரென்று இன்னும் பத்து மூட்டை போட்ட மாதிரி முதுகெலும்பு நசுங்கும். தோள் உயரத்துக்குக் கிட்டே குறுக்குக் கம்பி இருந்தால்தான் வார் நேராகப் போகும். அந்தக் கம்பி எதில் இருக்கும்? கூண்டில். சுத்திச் சுத்தி அங்கேயேதான் வரணும்.

எங்க தாத்தா பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். ஒரு நாள் நண்பனோட புது ஹார்னஸையும், அவன் கழட்டின கம்பெனி பெல்ட்டையும் அவர்கிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலால் தடவிப் பார்த்தார். "இதுவும் நெசவுதானேடா" என்றார். நெசவுதான் தாத்தா, பாலியஸ்டர். பட்டுக்கு எப்படியோ அப்படியே இதுக்கும். நீளவாக்கில் ஓடுற பாவுதான் பாரம் தாங்குது, ஊடை அதைக் கலையாமல் பிடிக்குது. ஐரோப்பிய விதிப்படி சாதாரண கார் பெல்ட் துணி 1,470 டெக்காநியூட்டன், அதாவது சுமார் 1,500 கிலோ பாரம் வரை அறுந்துபோகக் கூடாது. தாத்தா அந்தக் கணக்கெல்லாம் கேட்கலை. ஆன்லைன் ஹார்னஸின் ஓரத்தை நகத்தால் நெருடி, "கரை சரியில்ல, உரசினா பிரியும்" என்றார். அப்புறம் தையலைப் பார்த்தார். "இது யாரோ அவசரத்துல தைச்சது" என்றார். ரேஸ் டெக்னாலஜி தெரியாத ஒருத்தர் ஒரே நிமிஷத்தில் சொன்ன விமர்சனம் இது. சீட் கவர் கடையில் கொடுத்து பெல்ட்டை வெட்டி, நீளம் குறைச்சுத் தைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

துணி என்பதால் வயசாகும். வெயில், வியர்வை, மணல் எல்லாம் அதைத் தின்னும். மேல் திறந்த ஜீப்பில் கேட்கவே வேண்டாம். எஃப்.ஐ.ஏ. ஒப்புதல் உள்ள பெல்ட்டில் எந்த வருஷம் வரை செல்லும் என்று லேபிளிலேயே இருக்கும். 8853/98 தரம் என்றால் ஐந்து வருஷம். 8855-1999 தர பக்கெட் சீட்டுக்கும் ஐந்து வருஷம்தான். காமர்ஸ் பாஷையில் சொன்னால், நேர்கோட்டு முறையில் வருஷத்துக்கு 20 சதவீதத் தேய்மானம், ஸ்க்ராப் வேல்யூ பூஜ்யம். இதை செகண்ட் ஹேண்டில் "ரேஸ்ல ஓடினது பாஸ்" என்று பெருமையாக விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஒரு மோதலில் இழுபட்ட பெல்ட் அதோடு முடிந்தது. மறுபடி அதை நம்பக் கூடாது.

கழுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தோளையும் இறுக்கிக் கட்டினால் உடம்பு நிற்கும், தலை மட்டும் முன்னாடி பறக்கும். 2001 பிப்ரவரி 18-இல் டேடோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து. அதுக்கப்புறம்தான் ஹேன்ஸ் கருவியை எல்லாரும் மதிக்க ஆரம்பித்தார்கள், 2003-இல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாச்சு. ஹெல்மெட் இல்லாமல் ஹேன்ஸ் மாட்ட முடியாது. ஹெல்மெட் போட்டுக்கிட்டு காந்தி ரோட்டில் ஜீப் ஓட்டுவீங்களா?

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறையும் உண்டு. வெறும் சீட்டு மாத்துவது இதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஆனால் கூண்டு வெல்ட் பண்ணுவதும், ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கையை மாத்துவதும் வம்புதான். அதைவிட எனக்கு இன்ஷூரன்ஸ் பெருசாகத் தெரியுது. 'அட்மோஸ்ட் குட் ஃபெய்த்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது இதுதான் நண்பர்களே. வண்டியில் செய்த மாற்றத்தை மறைத்துவிட்டு கிளெய்ம் கேட்டால், சர்வேயர் முதலில் பார்ப்பதே அந்த சிவப்பு சீட்டைத்தான்.

இவ்வளவு பேசியும் முக்கியமான ஆளை நாம் இன்னும் கவனிக்கலை. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர்.

பழைய ஜீப், பழைய தார் எல்லாத்திலும் பின்னாடி எதிரெதிர் பெஞ்ச். மத்திய மோட்டார் வாகன விதி 138(3) பின் சீட்டில் பெல்ட் போடச் சொல்வது முன்னோக்கி உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான். பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் கேட்பாரில்லை. நம்ம ஊர்ல கல்யாணம், திருவண்ணாமலை கிரிவலம் எல்லாத்துக்கும் சித்தி, பெரியப்பா, பசங்க எல்லாம் அந்த பெஞ்சில்தான். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. முன்னாடி மாப்பிள்ளை மட்டும் ரேஸ் சீட்டில்!

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தார். காரில் நாலு பேர். இறந்த இருவரும் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள், முன்னாடி இருந்த இருவர் பிழைத்தார்கள். விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார் அது. அதுக்கு முந்தைய வருஷம் 2021-இல் மட்டும் பெல்ட் போடாததால் இந்தியாவில் இறந்தவர்கள் 16,397 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்லுது. ஹார்னஸ் இல்லாததால் அல்ல. சும்மா தொங்கிக்கிட்டு இருக்கிற சாதாரண பெல்ட்டை இழுத்து மாட்டாததால். அலாரம் கத்தக் கூடாதுன்னு வெறும் கிளிப்பை வாங்கிச் சொருகுகிற தேசம் இது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அந்த கிளிப்புகளை நீக்கச் சொன்னபோது தூக்கப்பட்ட பட்டியல்கள் மட்டும் 13,118.

பெல்ட் போடாமல் பின்னாடி இருக்கிறவர் தனக்கு மட்டும் ஆபத்து இல்லை. மோதும்போது அவர் பறந்து வந்து விழுவது உங்க பக்கெட் சீட்டின் முதுகில். அந்த சீட்டு எந்த போல்ட்டில் நிற்குது என்று மேலே பார்த்தோம்.

காட்டுக்குள்ளயும் ஆத்துக்குள்ளயும் மட்டும் ஓட்டுறதுக்குன்னு ஒரு வண்டியை ஒதுக்கி வச்சிருந்தா, போட்டிக்குப் போறதா இருந்தா, அது வேற கதை. முதலில் கூண்டு, அதைச் செய்யத் தெரிந்தவர்கிட்ட. அப்புறம் லேபிள் உள்ள சீட்டு, தாங்கு தகடு, ஆறு வார். மாட்டும்போது முதலில் இடுப்பு வாரை இடுப்பு எலும்பு மேல் இறுக்கணும், அப்புறம்தான் தோள். ஹெல்மெட், கழுத்துக் கருவி. கைக்கு எட்டும் இடத்தில் பெல்ட் அறுக்கிற கத்தி. உட்கார்ந்தபடி எந்த ஸ்விட்ச் எட்டுது, எது எட்டலை என்று பார்க்கணும், ஏன்னா ஹார்னஸ் போட்டால் குனிய முடியாது. பக்கத்தில் வர்றவருக்கும் அந்தப் பக்கிளை எப்படித் திறக்கிறது என்று சொல்லிக் கொடுக்கணும். வண்டி தலைகீழாக இருக்கும்போது பக்கிளைத் தட்டினால் தலைகுப்புற விழுவீங்க. ஒரு கையால் கூரையை ஊன்றிக்கிட்டு மறு கையால்தான் திறக்கணும். இதை வீட்டு வாசலில் கண்ணை மூடிக்கிட்டு நாலு தடவை பழகணும். பெல்ட்டுக்குச் செலவு பண்ணினவன் யாரும் இதைப் பண்ணிப் பார்த்து நான் பார்த்ததில்லை, இதுக்குக் காசும் கிடையாது.

தாத்தாகிட்ட காட்டின அந்த ஹார்னஸுக்குச் சொந்தக்காரன் கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்போ என்னதான்டா பண்ணச் சொல்ற?" என்றான். அவனுடையது பழைய ஜீப். முன்னாடி ரெண்டு கம்பெனி சீட்டும் பழைய பெல்ட்டும் கடை மாடியில் இன்னும் இருக்கு. அதைத் திருப்பி மாட்டச் சொன்னேன். மிச்சக் காசுக்கு, பின்னாடி பெஞ்சை எடுத்துவிட்டு பெல்ட்டோடு முன்னோக்கிய சீட்டு போட அனுமதி கிடைக்குமா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுட்டு வா, கிடைக்காவிட்டால் சித்தப்பா குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பு என்றேன். ரெண்டு நாளா போன் எடுக்க மாட்டேங்கறான்.